அளவு நோட்டின் பின்பக்கம்

24.9.2024, செவ்வாய்

இந்த நோட்டின் முன்பக்கம் முழுக்க ஊர்ப் பெண்களின் அளவுகள். மார்பு 36, இடுப்பு 31, கை நீளம் 9, முன்கழுத்து 7. ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை போட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. ஒரு நோட்டு தீர்ந்தால் அடுத்தது வாங்குவேன். பின்பக்கத்திலிருந்து என்னைப் பற்றி எழுத இன்றைக்குத்தான் தோன்றியது.

காலையில் மேமோகிராம் எடுத்துவிட்டு வந்தேன். வலி இல்லை, கட்டி இல்லை. டீச்சர் விடாமல் சொன்னதால் போனேன். "ஐம்பத்திரண்டு ஆச்சு உனக்கு. 2018ல முகாம்ல ஒரு தடவை எடுத்ததோட சரி. அடுத்தவங்க மார்பை அளக்கத் தெரியுது, உன்னோடதைப் பாக்கத் தெரியல" என்று போன வாரம் ஜாக்கெட் வாங்க வந்தபோதும் திட்டினார்.

படம் எடுக்கும் பெண் முதலில் கேட்டது, "பவுடர் போட்டிருக்கீங்களாம்மா?" குளித்ததும் அக்குளில் கொட்டிக்கொள்வது எனக்கு வழக்கம். ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டாள். பவுடர் மணி படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து டாக்டரை ஏமாற்றிவிடுமாம். தாலியைக் கழற்ற மனம் வரவில்லை. முதுகுப் பக்கம் தள்ளி விட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம், மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. பலகை இறங்கி அழுத்தும்போது கண்ணில் நீர் முட்டியது. ஆனால் ஏன் அழுத்துகிறார்கள் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. மடிப்பு இருந்தால் துணியில் கறை தெரியாது. நீவிப் பரப்பினால்தான் தெரியும்.

2,200 ரூபாய் ஆயிற்று.

26.9.2024, வியாழன்

ரிப்போர்ட்டில் கடைசி வரி: பை-ராட்ஸ் 0. பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே நினைப்போம்? சிரித்துக்கொண்டே கவரை மூடப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "இல்லம்மா, நீங்க திரும்ப வரணும்" என்றாள்.

உள்ளே கூப்பிட்டு விளக்கினார்கள். அமெரிக்க ரேடியாலஜி மருத்துவர்களின் அமைப்பு வகுத்த எண் வரிசை அது. 0 முதல் 6 வரை. எந்த ஊர் ரிப்போர்ட்டும் ஒரே பாஷையில் பேசவேண்டும் என்பதற்காக வைத்தது. 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, கெடுதல் இல்லை. 0 என்றால் இன்னும் முடிவு சொல்ல முடியவில்லை, வேறு படம் வேண்டும்.

எனக்கு வலது மார்பில், மேலே அக்குள் ஓரமாக, கூட்டமாகச் சில புள்ளிகள். சுண்ணாம்பு படிந்தவை. உப்புத் துகளைவிடச் சின்னவை. போதாததற்கு என் மார்பு அடர்த்தியானதாம். கொழுப்பு படத்தில் கறுப்பாகவும், பால் சுரப்பிகளும் நாரும் வெள்ளையாகவும் விழும். கட்டியும் வெள்ளையாகவே விழும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தையலைத் தேடிப் பிரிக்கிற வேலை எனக்குத் தெரியும். அந்த டாக்டர்மேல் இரக்கம்கூட வந்தது.

ராத்திரி வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். தட்டிலேயே கை கழுவிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்றார். நான் அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்வி அது.

28.9.2024, சனி

புரட்டாசி இரண்டாவது சனி. மதினி திருவண்ணாமலை பெருமாளைப் பார்த்துவிட்டு (எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை) நேராகக் கடைக்கு வந்தார். நெற்றியில் நாமம், கையில் துளசி, ஒரு பையில் மூன்று ஜாக்கெட். "இடது பக்கம் பிடிக்குதும்மா. பிரிச்சு விடு."

உதவிக்கு வரும் பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அக்காவுக்கு ஸ்கேன் எடுத்திருக்காங்க என்று. மதினி முகம் மாறிவிட்டது.

"ஊசி கீசின்னு சொன்னா ஒத்துக்காத தாயி. தேன்கூட்டுல கல்லெறிஞ்ச கதைதான். சும்மா கிடக்கிறதைக் குத்திக் கலைச்சா உடம்பு பூரா பரவிரும். எங்க தெருவுல ஒருத்தி, ஊசி வச்சுப் பாத்தாங்க, ஆறு மாசத்துல முடிஞ்சு போச்சு."

நான் பதில் சொல்லவில்லை. அறியாமல் சொல்கிறார் என்று தள்ளிவிட முடியாத குரல் அது. ராத்திரி படுத்தபோது என் மனசுக்குள்ளும் அதேதான் ஓடியது.

பேசிக்கொண்டே மூன்று ஜாக்கெட்டையும் பிரித்து, இடது பக்கத் தையலை அரை இஞ்ச் தள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

30.9.2024, திங்கள்

புள்ளி இருந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி இரண்டு படம் எடுத்தார்கள். பிறகு ஜெல் தடவி ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. இந்தத் தடவை எண் 3. உள்ளூர் டாக்டர், "பயப்பட ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஒரு படம் எடுங்க. மனசு கேக்கலைன்னா சின்ன ஊசி போட்டு உறிஞ்சிப் பாத்துரலாம், இங்கேயே முடிஞ்சிரும்" என்றார்.

ஆறு மாதம் என்றால் மார்ச் கடைசி. தீபாவளி, பொங்கல், தை முகூர்த்தம் எல்லாம் முடிந்துவிடும். ஒரு கிலோ பால்கோவா வாங்கி வந்து கடையில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

டீச்சருக்கு போன் செய்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர், "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தமா? சுண்ணாம்புப் புள்ளி ஸ்கேன்ல சாதாரணமா தெரியாதும்மா. அதுக்குத்தானே மேமோகிராம். படத்தை சி.டி.யில வாங்கி மதுரையில இன்னொருத்தர் கண்ணுல காட்டு. ஒரு பட்டுப்புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குற நீ" என்றார்.

போனை வைத்த பிறகு கோபம் வந்தது. ஒரு நாள் என்னைச் சந்தோஷமாக இருக்க விட்டால் என்ன?

3.10.2024, வியாழன்

காலை ஆறரை பஸ். கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மாட்டுத்தாவணி போகும்வரை சி.டி. கவரை மடியிலேயே வைத்திருந்தேன்.

மதுரை டாக்டரம்மா அதே படத்தைப் பெரிய திரையில் போட்டு, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். கடைசியில் 4ஏ என்றார். அதே புள்ளிகள், அதே படம். ஒருவர் கண்ணுக்கு 3, இன்னொருவர் கண்ணுக்கு 4ஏ. ஓரம் தெளிவாக, உருண்டையாக இருந்தால் 3 என்று விட்டுவிடலாமாம். இதில் நாலைந்து புள்ளி அவருக்குத் தூள் தூவினாற்போல மங்கலாகத் தெரிகிறதாம். 3 என்றால் நூறு பேரில் இரண்டு பேருக்கு மேல் புற்று இருக்காது. 4ஏ என்றால் இரண்டுக்கு மேல், பத்துக்குள். எனக்கு அது பெரிய வித்தியாசமா சின்ன வித்தியாசமா என்று தெரியவில்லை. என்னைச் சுற்றி நூறு பெண்களை நிற்க வைத்துப் பார்த்தேன். என் நோட்டில் அவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

பிறகு அவர் கேட்டார்: "பழைய படம் ஏதாவது இருக்கா? சில வருஷத்துக்கு முன்னாடியே இதே புள்ளி இதே மாதிரி இருந்திருந்தா நான் நிம்மதியா உங்களை வீட்டுக்கு அனுப்பிருவேன்."

2018! இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

பீரோவில் இல்லை. பரணில் இல்லை. சாயங்காலம் கட்டிங் டேபிளுக்குக் கீழே, கழுத்து டிசைன் அச்சுகள் போட்டு வைக்கும் அட்டைப் பெட்டியில் கிடைத்தது. எக்ஸ்ரே ஃபிலிம் கசங்காது, கிழியாது, சாக்பீஸால் ஓரம் வரைய வாகாக இருக்கும். அதனால் வீட்டில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் ஃபிலிம் என் பெட்டிக்கு வந்துவிடும். மாமனாரின் இடுப்பெலும்பு படத்தில் 'வி' கழுத்து. மகனின் கை முறிந்த படத்தில் இலைக் கழுத்து. என் மார்புப் படத்தில் பானைக் கழுத்து.

பல்ப் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் முழுசாக இருக்கிறது. வலது மார்பில், பானையின் வளைவு போகிற இடம் காலி. அந்த அச்சில் இந்த ஆறு வருடத்தில் எத்தனை ஜாக்கெட் வெட்டியிருப்பேன். வெட்டி எறிந்த துண்டில் என் பதில் இருந்திருக்கிறது.

முகாம் நடத்தியவர்களுக்குப் போன் போட்டேன். அந்த வருடத்துப் படங்கள் அவர்களிடம் இல்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். இதுவரை அழவில்லை.

6.10.2024, ஞாயிறு

டீச்சர் தீபாவளி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை, கடைக் கதவு சாத்தியிருக்கும்போதுதான் வருவார். 2009ல் அடையாறில் அவருக்கு இடது மார்பை எடுத்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய ஆஸ்பத்திரி. தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர் அவர் என்பதையும் டீச்சர்தான் எனக்குச் சொன்னார். அவர் ஜாக்கெட்டுக்கு உள்ளே இடது பக்கம் ஒரு பை வைத்துத் தைப்பேன். அதில் வைக்க இலவம்பஞ்சுத் திண்டு. முதலில் பஞ்சு மட்டும் வைத்தேன். எடை போதாமல் இடது தோள் மேலே ஏறி, முதுகு வலி வந்துவிட்டது. பிறகு திண்டுக்கு நடுவில் ஒரு சின்ன முடிச்சாகக் கடுகு கட்டி வைத்தேன். இப்போது இரண்டு தோளும் ஒரு மட்டம். என் தொழிலில் நான் பெருமைப்படுகிற வேலை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஃபிலிம் கதையைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பயந்தேன். என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"எனக்குக் கட்டி கையில பட்டு பதினோரு மாசம் யார்கிட்டயும் சொல்லல. வலிக்கலையே, வலிக்கலையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றார். பிறகு, முப்பது வருடம் வரலாறு நடத்தியவர் அல்லவா, அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஐம்பது வருடம் முன்புவரை அங்கே மார்பில் கட்டி என்று போனால் ஒரே கையெழுத்துதானாம். மயக்கம் கொடுத்துத் துண்டு எடுப்பார்கள், அப்போதே உறைய வைத்துப் பார்ப்பார்கள், புற்று என்றால் அதே மயக்கத்தில் மார்பை எடுத்துவிடுவார்கள். விழித்த பிறகு கையால் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன ஆயிற்று என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். 1974ல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், 'முதலில் துண்டு மட்டும் எடுங்கள், என்னை எழுப்புங்கள், முடிவை நான் யோசித்துச் சொல்கிறேன்' என்று பிடிவாதம் பிடித்தார். பல சர்ஜன்கள் மறுத்தார்கள். அவர் புத்தகம் எழுதினார், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். 1979ல் அந்த நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பரிசோதனை வேறு, அறுவை வேறு என்று பிரித்து வைக்கச் சொன்னது.

"ஊசின்னா உனக்குப் பயமா இருக்கு. அந்த ஊசியை மட்டும் தனியா வாங்குறதுக்கு ஒருத்தி சண்டை போட்டிருக்கா" என்றார் டீச்சர். எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

7.10.2024, திங்கள்

இன்று ஒரு பட்டு ஜாக்கெட்டைத் தப்பாக வெட்டிவிட்டேன். பார்டர் தலைகீழ். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அதே துணிக்கு ராஜபாளையம் வரை அலைந்தேன். கிடைத்தது. துணி கொடுத்த பிள்ளையிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

8.10.2024, செவ்வாய்

வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு மதுரைக்கு வந்தார். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவசரப்படவில்லை.

ஆறு மாதம் பொறுத்தால் என்ன? "பொறுக்கிறது தப்பான வழின்னு சொல்ல மாட்டேன். 3ன்னு உறுதியா சொல்ற படத்துக்கு அதுதான் முறை. ஆறு மாசம், ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாப்போம். என் கண்ணுக்கு இது 3 இல்ல, அவ்வளவுதான். புள்ளி பெரும்பாலும் பழைய பால் குழாய்க் கசடு, நீர்க்கட்டி மாதிரி சாதுவான விஷயமா இருக்கும். சில நேரம் பால் குழாய்க்குள்ளயே அடைஞ்சு கிடக்கிற ஆரம்பப் புற்று செத்த செல்லோட சுண்ணாம்பைச் சேத்து வைக்கும். குழாயைத் தாண்டாத வரைக்கும் அது வெளியில போகாது. அதுலயும் சிலது கடைசி வரைக்கும் தொந்தரவே பண்ணாம இருந்துரும். எது தாண்டும், எது தாண்டாதுன்னு இப்பவே பிரிச்சுச் சொல்ல எங்களால முடியல."

உள்ளூரில் சொன்ன உறிஞ்சும் ஊசி போதாதா? போதாது. அது தனித்தனி செல்லைத்தான் உறிஞ்சி எடுக்கும். குழாய்க்குள் இருக்கிறதா, சுவரைத் தாண்டிவிட்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் தடித்த ஊசியால் திசுவைத் துண்டாக எடுக்கவேண்டும். ஸ்கேனில் தெரியாததால் மேமோகிராம் மெஷினிலேயே வைத்து இடம் குறித்து எடுப்பார்கள்.

ஊசியின் எண்ணைக் கேட்டேன். சாதாரணமாக 14 என்றார், எனக்குப் போடப் போவது 9. என் மெஷினில் ஜாக்கெட் துணிக்கு நான் போடுவதும் 14தான், ஆனால் அது 0.9 மில்லிமீட்டர். எங்களுக்கு எண் கூடினால் தடிமன் கூடும். அவர்களுக்கு எண் குறைந்தால்தான் தடிமன் கூடும். அவர்களுடைய 14, இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 9 இன்னும் தடிப்பு. "மரத்துப் போக ஊசி போட்டுட்டுத்தான்" என்று உடனே சொன்னார். வீட்டுக்காரர் முகம்தான் வெளுத்திருந்தது.

மதினியின் தேன்கூட்டைக் கேட்டேன். நான் கேட்பதற்காகவே காத்திருந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். "தினமும் கேக்குற கேள்வி. ஊசி போட்டுப் பாத்ததால நோய் பரவி ஆயுசு குறைஞ்சதுன்னு காட்டுற ஆதாரம் இல்லம்மா. ஊசி போட்ட பிறகு செத்துப் போனாங்கன்னா, பெரும்பாலும் ஊசிக்கு வர்றதுக்கு முன்னாடியே நோய் முத்தியிருக்கும். இந்தப் பேச்சுக்குப் பயந்து பயந்துதான் முத்தவிட்டு வர்றாங்க."

செலவு 38,000. லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு 350 வாங்குகிறேன். நூற்றெட்டு, நூற்றொன்பது ஜாக்கெட். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கம்பி செருகி இடம் காட்டி, அறுத்து எடுக்கும் வழியும் உண்டு. காசு இல்லை, ஆனால் மயக்கம், தையல், தழும்பு, தீபாவளி வரை கத்தரி பிடிக்க முடியாது.

கடைசியாக டாக்டரம்மா என்னைக் கேட்டார்: "ஆறு மாசம் இதை நினைக்காம உங்களால துணி வெட்ட முடியுமா?"

நேற்றைய பட்டு ஜாக்கெட் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், "நீ என்ன சொன்னாலும் சரி" என்றார். முன்பு ஒரு தடவை இதையே சொன்னபோது என்னைத் தனியாக விட்டுவிட்டதாகப் பட்டது. இன்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். திருமங்கலம் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

11.10.2024, வெள்ளி

ஆயுத பூஜை. மூன்று மெஷினுக்கும் எண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். கத்தரி, இஞ்ச் டேப், ஊசி டப்பா எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பி, பொரிகடலை படைத்தோம்.

சூடம் காட்டும்போது ஊசி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் ஊசி இறங்குகிற சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். இந்த வீட்டின் கடனை அடைத்தது ஊசி. பிள்ளைகளைப் படிக்க வைத்தது ஊசி. டீச்சரின் இரண்டு தோளையும் மட்டம் பண்ணியதும் அதுதான். அதைத் தேன்கூட்டுக் கல் என்று எப்படி நினைத்தேன்?

பழைய படம் இருந்திருந்தால் இந்த முடிவு எனக்குத் தேவைப்பட்டிருக்காது. இல்லை என்று ஆகிவிட்டது. இனி என் உடம்பிலிருந்துதான் பதில் வரவேண்டும். பத்துக்குள் ஒருத்தியாக நான் இருக்கலாம் என்பதைவிட, தெரியாமல் மார்ச் வரை ஒவ்வொரு துணியையும் பயந்து பயந்து வெட்டப் போகிறேன் என்பதுதான் என்னால் முடியாததாக இருந்தது. இன்னொருத்திக்குப் பொறுப்பது சரியாக இருக்கலாம். நான் எடுக்கிறேன்.

மதுரைக்குப் போன் செய்து செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினேன். சீட்டுப் பணம் தீபாவளிக்கென்று எடுத்தது இருக்கிறது. மகள் திருப்பூரிலிருந்து, தான் வரவா என்று அழுதாள். முடிவு வரும் அன்றைக்கு வா என்றேன்.

14.10.2024, திங்கள்

டெலிவரி கொடுக்கவேண்டிய ஜாக்கெட் நாற்பத்தி மூன்று. ராத்திரி பதினோரு மணிக்கு அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹூக் வைத்துத் தைக்கத் தொடங்கினார். மில்லில் முப்பது வருடம் நூலோடு இருந்தவர், ஊசியில் நூல் கோக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பதினாறு ஜாக்கெட் முடித்தார். ஒன்றைக்கூட நான் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கவில்லை.

15.10.2024, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். வலது கையை அசைக்கலாம், ஆனாலும் பயமாக இருக்கிறது.

கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தார்கள். மார்பு வைக்க ஒரு வட்டத் திறப்பு. கீழே இருந்து பலகை அழுத்திப் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் பதினைந்து டிகிரி சாய்த்து ஒரு படம், அந்தப் பக்கம் பதினைந்து டிகிரி சாய்த்து ஒரு படம். ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தால் எதிரே இருக்கிற பொருள் தள்ளிப் போகுமே, அந்தத் தள்ளலை வைத்துக் கம்ப்யூட்டர் ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. மரத்துப் போகும் ஊசி சுருக்கென்றது. அதுதான் மொத்த வலி. பிறகு மெஷின் ஓடும் சத்தமும் உள்ளே யாரோ இழுப்பதுபோன்ற உணர்வும் மட்டும். கழுத்துதான் மரத்துப் போய்விட்டது. பன்னிரண்டு துண்டு எடுத்தார்கள்.

எடுத்த துண்டுகளைத் தட்டில் வைத்து அதற்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். புழுப்போலக் கிடந்த துண்டுகளில் மூன்றில் வெள்ளைப் புள்ளிகள். மூன்று வாரமாக எனக்குள் இருந்தவை, வெளியே, தட்டில். சரியான இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறோம் என்பதற்கு அது சாட்சியாம். எடுத்த இடத்தில் எள் அளவுக்கு டைட்டானியம் துணுக்கு ஒன்றை அடையாளமாக வைத்தார்கள். சாக்பீஸ் குறி போல. பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, ஐஸ் வைத்து, பிளாஸ்டர் ஒட்டினார்கள். தையல் இல்லை. இரண்டு நாள் கனம் தூக்கக்கூடாது.

16.10.2024, புதன்

மதினி சமைக்க வந்தார். என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டென்று வைத்தார். மத்தியானம் வீட்டுக்காரர் தூங்கிய பிறகு, "காட்டு" என்றார்.

பிளாஸ்டரை விலக்கிக் காட்டினேன். சுற்றிலும் கன்னிப்போய் நாவற்பழ நிறம். நடுவில் ஒரு சின்னக் கீறல், ஹூக் வைக்கிற அளவுக்கு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மதினி."

முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் இடது கையை எடுத்துத் தன் ஜாக்கெட்மேல், இடது அக்குள் பக்கமாக வைத்தார். நெல்லிக்காய் அளவில், கல்லாக, நகராமல் ஒன்று.

"எப்ப இருந்து மதினி?"

"மாசி களரிக்குப் போயிட்டு வந்த பெறகு கையில பட்டுச்சு. யார்ட்டயும் சொல்லல. குத்திருவாங்கன்னு பயந்து கெடந்தேன்."

நான் பிரித்து விட்ட மூன்று ஜாக்கெட். என் விரல் அந்தத் தையல்மேல்தான் இருந்தது.

22.10.2024, செவ்வாய்

மதுரை, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் முடிவு காலையிலேயே கிடைத்துவிட்டது. மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். புற்று இல்லை. நார் பெருத்த, நீர் கோத்த திசு, அதில் சுண்ணாம்பு. "படம் சொன்னதும் திசு சொல்றதும் ஒத்துப் போகுது. ஒத்துப் போகலைன்னா நல்ல ரிசல்ட்டா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. ஆறு மாதத்தில் ஒரு படம். மகள் கட்டிப் பிடித்து அழுதாள். படங்களைப் போட்டுக் கொடுத்த கவரில் தேதியை எழுதி அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். என் பெட்டிக்கு வராது.

மதினி உள்ளே இருக்கிறார். பவுடர் போடாமல் கூட்டி வந்தேன். போகும்போது தாலிச் செயினைத் தானே கழற்றி, வளையலோடு கைக்குட்டையில் முடிந்து என் மடியில் வைத்தார். முதலில் படம், ஸ்கேன். கட்டி கைக்கே தெரிவதால் இன்றைக்கே 14 ஊசி போட்டுத் துண்டு எடுத்துவிடுவார்களாம்.

எப்போதிலிருந்து, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று டாக்டரம்மா கேட்டபோது மதினிக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் நோட்டை முன்பக்கம் திருப்பிக் காட்டினேன். ஏப்ரல் 19, இடது பக்கம் பிடிக்குது, கால் இஞ்ச் விட்டது. ஜூலை 2, மறுபடி கால் இஞ்ச். செப்டம்பர் 28, அரை இஞ்ச். வலது பக்கம் மாற்றம் இல்லை. டாக்டரம்மா ஒவ்வொரு தேதியாகக் கேட்டுத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

கதவு திறக்கிறது. "கூட வந்தவங்க யாரு?" என்கிறாள் நர்ஸ். மதினி என்னைக் கூப்பிடுகிறாராம்.